ஏழு பேருக்கு ஒரு பேராசிரியர்

அத்தியாயம் 11

காலை ஏழு மணிக்குத் தோசை மாவு எடுக்கப் போன கேரல், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

நடுவில் ஒரு நீளக் கோடு. இடது பக்கம் 'ஜெனித்ரா'. வலது பக்கம் 'ஜெயநகர்'. கீழே கட்டம் கட்டமாகப் பதினான்கு வரிசைகள். பஸ், கேன்டீன், லைப்ரரி, லிஃப்ட். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டு, இந்தப் பக்கம் 1:7. அந்தப் பக்கம் 1:19.

"என்னங்க!"

முகத்தில் ஷேவிங் நுரையோடு எட்டிப் பார்த்தார் லாயிட்.

"பாத்தியா? நேத்து ஷிப்ட் முடிஞ்சு கேன்டீன்ல உக்காந்தே போட்டுட்டேன். எப்படி?"

"மாவு எடுக்கணும். கதவையும் பக்கவாட்டையும் சேத்து ஒட்டி வெச்சிருக்கீங்க. திறந்தா கிழிஞ்சிரும்."

"கிழிக்காத, கிழிக்காத. மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துட்டுத் திற."

கேரல் கண்ணை மூடி மூன்று வரை எண்ணினாள். இந்த ஒரு வாரமாக அவள் நிறைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். நாற்பத்து நான்கு வயதில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், இரண்டு கல்லூரிகளுக்குப் பொது சுகாதார முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள் கேரல். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து குடும்பம் முழுவதும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, இரண்டு இடத்திலிருந்தும் 'இடம் கிடைத்துவிட்டது' என்று மெசேஜ் வந்தது. எல்லாப் படிவத்திலும் எழுதுகிற பழக்கத்தில் இந்த விண்ணப்பத்திலும் லாயிட்டின் நம்பரையே எழுதி வைத்திருந்த வினை. அவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டார்.

சண்டை வரும் என்று நினைத்துப் பயந்திருந்தாள். சண்டை வரவில்லை. உதவி வந்தது. அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

லாயிட் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர். ஒரு மிக்ஸி வாங்க மூன்று வாரம் ஒப்பிட்டவர். மனைவி படிக்கப் போகிறாள் என்றதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை முழுவதும் ஒரே ஒரு எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்?

பால்காரரிடம் சொன்னார். மருந்துக்கடையில் சொன்னார். சர்ச் வாசலில் பாஸ்டர் மனைவியை நிறுத்திச் சொன்னார். "ஏழு பேருக்கு ஒரு புரொஃபசர் மேடம்! டியூஷன் மாதிரி!" பாஸ்டர் மனைவியும் அன்று சாயங்காலமே போன் பண்ணி, "கேரல், ஒன் இஸ் டு செவன் விட்றாதம்மா" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேல் முத்திரை வைத்தவர் டென்சில் அண்ணன். லாயிட்டின் மூத்த சகோதரர். அரசாங்க டாக்டராக இருந்து ஓய்வுபெற்று, ரிச்சர்ட்ஸ் டவுனில் தனியாக இருப்பவர். "ஜெனித்ராவிலேயே சேரு கேரல். அங்க எனக்கு ஆள் இருக்காங்க. உன்ன நல்லா பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டார். லாயிட்டுக்குப் பதினோரு வயதில் அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து ஃபீஸ் கட்டியதும் பேன்ட் தைத்துக் கொடுத்ததும் பெண் பார்த்ததும் டென்சில் அண்ணன். அவர் சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏதாவது ஒரு கல்லூரிக்கு 'வருகிறேன்' என்று ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும்.

கேரலை அந்த இரண்டு எண்ணும் அவ்வளவாகத் தொடவில்லை. அவள் மனதில் இருந்தது ஒரு தெரு. பத்தொன்பது வருடமாக ஒரு டிரஸ்டின் காசநோய்த் திட்டத்தில் களச் செவிலியாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். லிங்கராஜபுரத்துக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி ஒரு சந்து. முப்பத்தோரு வீடு. நான்கு வருடமாக அந்த ஒரே சந்திலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். மருந்து கொடுத்துச் சரியாகும். அடுத்த வருடம் பக்கத்து வீட்டில் இருமல் கேட்கும். ஏன் என்று மீட்டிங்கில் கேட்டால், "அத டேட்டா டீம் பாத்துப்பாங்க சிஸ்டர், நீங்க கணக்கெடுத்துக் குடுங்க போதும்" என்பார்கள். டேட்டா டீமில் இருந்த எந்தப் பிள்ளையும் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை.

அந்த 'ஏன்' அவளுக்கு வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். டிரஸ்ட் இரண்டு வருடம் படிப்பு விடுப்பு தருவதாகச் சொல்லியிருந்தது. இந்த வருடம் விட்டால் கிடையாது.

"நான் இன்னிக்கு ஜெனித்ராவ நேர்ல போய்ப் பாக்கப் போறேன்" என்றாள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே.

"எதுக்கு? வெப்சைட்லதான் எல்லாம் இருக்கே."

"வெப்சைட்ல வீட்டப் பாத்துட்டு நான் என்னிக்காவது சர்வே எழுதியிருக்கனா?"

லாயிட் நுரையைத் துடைத்தார். "சரி, நானும் லீவு போடறேன். நீ தப்பான கேள்வியெல்லாம் கேட்டு வெப்ப."

ஸ்கூட்டரில் ஹெண்ணூர் ரோடு முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். ஹெல்மெட்டுக்குள் இருந்து பாதிதான் கேட்டது. "எண்பத்து நாலு ஸ்டூடன்ட்ஸ்... பன்னெண்டு ஃபேகல்டி... கரெக்டா ஏழு வருது பாரு... மீதியே இல்ல!" மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஸ்கூட்டர் குதித்தது. மீதியில்லாமல் வகுபட்டதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கேரல் பின்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் வந்தாள்.

ஜெனித்ராவின் கட்டடம் கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறைக் குளிரில் பல் கிட்டியது. சேர்க்கை அதிகாரி ஹரிஷ்குமார், டை கட்டிய இளைஞர், இவர்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் காட்டி, கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"கூத்கொள்ளி மேடம், சார் நீங்களும். டாக்டர் டென்சில் சார் ஃபேமிலிதானே? சொல்லியிருந்தாரு. மேடம் சீட்டு கன்ஃபர்ம்தான், கவலையே பேடா."

லாயிட் நெஞ்சை நிமிர்த்தினார்.

"டீச்சர்ஸ யாரையாவது பாக்க முடியுமா?" என்றாள் கேரல்.

"எல்லாரும் ஃபீல்டுல இருக்காங்க மேடம்."

"பன்னெண்டு பேருமா?"

"பப்ளிக் ஹெல்த் அல்லவா? ஃபீல்டுதானே முக்கியம்!" ஹரிஷ்குமார் அழகாகச் சிரித்தார்.

"பாத்தியா, பிராக்டிகல்" என்றார் லாயிட் மெதுவாக.

"எந்த ஃபீல்டு சார்? நானும் ஃபீல்டுலதான் இருக்கேன். நார்த்ல எந்த ஏரியா? யாரோட டீம்?"

ஹரிஷ்குமாரின் போன் நல்ல நேரத்தில் அடித்தது. "ஒன் நிமிஷா மேடம்" என்று சொல்லிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனார். ஒரு நிமிடம் பத்து நிமிடமானது. கேரல் எழுந்தாள்.

"எங்க போற?"

"மாடிக்கு."

"கேக்காம போகக்கூடாது கேரல்."

"வீட்டுக்காரங்க உள்ள கூப்பிடற வரைக்கும் வாசல்லயே நின்னிருந்தா நான் இத்தன வருஷத்துல பாதி வீட்டக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

மூன்றாவது மாடியில் நீளமான நடை. இரண்டு பக்கமும் ஆறு ஆறு கதவுகள். ஒவ்வொன்றிலும் பளபளக்கும் பித்தளைப் பெயர்ப்பலகை. கேரல் பழக்கதோஷத்தில் முதல் கதவிலிருந்தே போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். சர்வேக்குப் போனால் அப்படித்தான், கதவு எண்ணோடு படம். நான்கு அறைகளில் மேசைமேல் புத்தகமும் டிபன் பையும் இருந்தன. மற்றவை பூட்டியிருந்தன. பூட்டில் தூசி.

எட்டாவது கதவில் அவள் கை நின்றது.

'டாக்டர் டென்சில் ஞானராஜ், எம்.டி. பேராசிரியர், தொற்றுநோயியல் துறை.'

பின்னாலேயே வந்த லாயிட் அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணன்! கேரல், நம்ம அண்ணன்! இங்க புரொஃபசரா இருக்காரு, வாயத் திறந்தாரா பாத்தியா? அதான் அவரு. தற்பெருமையே கிடையாது."

கேரலுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"என்னங்க. உங்க அண்ணனுக்கு முட்டி வலி. மார்க்கெட்டுக்கே ஆட்டோல போறாரு. தெனம் காலைல பத்து மணிக்கு உங்களுக்கு போன் பண்ணி கிராஸ்வேர்டுக்கு விடை கேக்கறாரு. எப்போ இங்க வந்து கிளாஸ் எடுக்கறாரு?"

"ஆன்லைன்ல எடுப்பாரு."

"அவருக்கு வாட்ஸ்ஆப்ல போட்டோ திறக்கத் தெரியாது."

கதவில் இருந்த சிறிய கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சுவரில் போன வருடத்துக்கு முந்தின வருட காலண்டர்.

"யார் வேணும் ஆன்ட்டி?"

தண்ணீர் பாட்டிலோடு ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். அடையாள அட்டையில் ரக்ஷா என்று இருந்தது. தமிழைக் கேட்டு வந்திருக்கிறாள். கோலார் தங்கவயல் பெண், தினமும் ரயிலில் வந்து போகிறாளாம், இரண்டாம் வருடம்.

"இந்த டாக்டர் என்னிக்கு வருவாரும்மா?" என்று கேட்டாள் கேரல்.

ரக்ஷா பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பிறகு நடையின் இரண்டு முனையையும் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"இந்த வருஷம் இங்க சேரலாம்னு இருக்கேன்."

"நீங்களா?" அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. அப்புறம் ஒரு மாதிரி இரக்கம் வந்தது. "ஆன்ட்டி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இவர ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். மார்ச்ல இன்ஸ்பெக்ஷன் வந்துச்சு. அன்னிக்குக் கோட்டெல்லாம் போட்டுட்டு வந்து இந்த ரூம்ல உக்காந்திருந்தாரு. மத்தியானம் பஸ்ஸுல எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்க."

"எல்லாரையும்னா?"

"எட்டுப் பேர். பன்னெண்டு கதவுல தெனம் வர்றது நாலு பேர்தான். பாவம், அவங்களும் நாய் மாதிரி உழைக்கறாங்க. என் தீஸிஸ குடுத்து அஞ்சு மாசம் ஆச்சு, படிக்க ஆளில்ல. எனக்கு கைடா யார் பேர் போட்டிருக்காங்க தெரியுமா?" அவள் விரல் எட்டாவது கதவைக் காட்டியது. "இவரு பேருதான். போன் நம்பர் கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க."

லாயிட்டின் உதடு மட்டும் அசைந்தது. எண்பத்து நான்கை நான்கால் வகுத்துக்கொண்டிருந்தார் என்று கேரலுக்குத் தெரிந்தது.

"இருபத்தொண்ணு" என்றார் கடைசியில், குரலே இல்லாமல்.

ஒரு வாரமாகக் கேரல் காத்திருந்த தருணம் அது. சொல்லிக்காட்ட அவளுக்கு நாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். ரக்ஷாவின் நம்பரை வாங்கினாள், தன் நம்பரைக் கொடுத்தாள், மீதிக் கதவுகளையும் படம் எடுத்தாள். இறங்கினார்கள். ஹரிஷ்குமார் இன்னும் போனில்தான் இருந்தார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் ஒரு வார்த்தை இல்லை. லிங்கராஜபுரத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் லாயிட் திரும்பவில்லை. நேராக ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு விட்டார்.

டென்சில் அண்ணன் சாப்பாட்டு மேசையில் இருந்தார். ரசம் சாதம், ஆம்லெட். அறுபத்தாறு வயதிலும் வீட்டிலேயே சட்டையை இன் பண்ணிக்கொண்டிருப்பவர்.

"வா வா! ரெண்டு பேரும் லீவா? கேரல், தட்டு எடுத்துக்க."

"ஜெனித்ராவப் பாத்துட்டு வர்றோம் அண்ணா" என்றாள் கேரல்.

"ஓ! நல்ல பில்டிங், இல்ல?"

"மூணாவது மாடி. எட்டாவது கதவு."

கரண்டி பாதியில் நின்றது.

லாயிட் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அண்ணா, நீங்க அங்க விசிட்டிங்கா போறீங்க, அதானே? வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள்..."

கேட்ட விதத்திலேயே கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். டென்சில் அண்ணன் தம்பியைப் பார்த்தார், பிறகு கேரலைப் பார்த்தார்.

"வருஷத்துக்கு ரெண்டு நாள்" என்றார்.

கடகடத்த மின்விசிறியின் கீழ் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"எல்லா இடத்துலயும் நடக்கறதுதான் கேரல். என்னோட டிகிரி உண்மை, என்னோட சர்வீஸ் உண்மை. பேரு மட்டும் குடுங்க சார்னாங்க, குடுத்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"ரக்ஷான்னு ஒரு பொண்ணு. தெனம் கோலார் தங்கவயல்லேருந்து ரயில்ல வர்றா. அவளோட தீஸிஸ்க்கு நீங்கதான் கைடு. தெரியுமா அண்ணா?"

அவருக்குத் தெரியவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

"அப்படியெல்லாம் போட மாட்டாங்க..."

"போட்டிருக்காங்க. நான் சேந்திருந்தா எனக்கும் போட்டிருப்பாங்க. எங்க ஏழு பேருக்கு நீங்கதான் வாத்தியார். வந்து சொல்லிக் குடுப்பீங்களா?"

"கேரல்" என்றார் லாயிட்.

"இருங்க. அண்ணா, நீங்க டிஸ்ட்ரிக்ட்ல இருந்தப்போ, டியூட்டிக்கே வராத டாக்டருக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டா என்ன பண்ணுவீங்க?"

"மெமோ குடுப்பேன்." பழைய பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் தலையைக் குனிந்தார். தட்டைப் பார்த்தே பேசினார்.

"ரிடையர் ஆன மறுநாளே போன் நின்னு போச்சு கேரல். முப்பத்து நாலு வருஷம் டாக்டர் டாக்டர்னாங்க. ஒருத்தன் வரல. இவங்க வந்து, ஒரு கதவுல உங்க பேர் போடறோம் சார்னாங்க. அவ்வளவுதான். பித்தள போர்டு."

கேரலின் கோபம் ஒரு நொடி தடுமாறியது. உடனே, பூட்டில் இருந்த தூசி நினைவுக்கு வந்தது.

"அப்புறம் எதுக்கு அண்ணா என்னை அங்க சேரச் சொன்னீங்க? உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சே?"

"பாஸ் பண்ணி விட்ருவாங்க. இந்த வயசுல நீ கஷ்டப்பட வேணாம்னு..."

"நான் பாஸ் பண்றதுக்காகப் போகல!"

அவள் குரல் உயர்ந்த வேகத்தில் மேசைமேல் இருந்த டம்ளர் ஆடியது போல் இருந்தது.

"போதும் கேரல்!" லாயிட் எழுந்து நின்றார். அவர் கண் சிவந்திருந்தது. "சாப்பிட்டுட்டு இருக்கற மனுஷன். நீ வீட்டுக்குப் போ. நான் அப்புறம் வர்றேன்."

இருபது வருடத் திருமண வாழ்க்கையில் லாயிட் அவளை 'போ' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

கேரல் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆட்டோ கூப்பிடத் தோன்றவில்லை. மேம்பாலத்தில் ஏறி இறங்கி, வெயிலில் வியர்த்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றேகால்.

ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு ஜெயநகர் இன்ஸ்டிட்யூட்டுக்கு போன் போட்டாள். வெப்சைட்டில் நான்கு நம்பர் இருந்தது. முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதில் ஒரு பேக்கரி எடுத்தது. மூன்றாவது அடித்து அடித்து ஓய்ந்தது. நான்காவதை எடுத்த பெண்குரலில் மூச்சு வாங்கியது.

"ஆபீஸ்ல யாரும் இல்லம்மா, டீ குடிக்கப் போயிட்டாங்க. நான் பார்கவி. இங்க டீச் பண்றேன். சொல்லுங்க."

கேரல் தன் பெயரைச் சொல்லிவிட்டு, ஒரு வாரமாகக் காதில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் கேள்வியைத் தானே கேட்டாள்.

"மேடம், உங்ககிட்ட பத்தொம்பது பேருக்கு ஒருத்தர்னு போட்டிருக்கே. அது நெஜமா?"

"நெஜம்தான். எழுபத்தாறு பேர், நாங்க நாலு பேர். ஆறு போஸ்ட் இருக்கு, ரெண்டு காலி. காலியா இருக்கறத எப்படிக் கணக்குல சேக்கறது? டீன் சேக்கச் சொன்னாரு, நாங்க சேக்கல." ஒரு பெருமூச்சு. "கஷ்டம்தான். என்னைப் பாக்கணும்னா ஸ்டூடன்ட்ஸ் லைன்ல நிக்கணும். பொய் சொல்ல மாட்டேன். நீங்க என்ன வேல பண்றீங்க?"

கேரல் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், தன்னையறியாமல் அந்தச் சந்தையும் சொல்லிவிட்டாள்.

"முப்பத்தோரு வீடா? எந்தெந்த வீடுன்னு மேப் போட்டீங்களா?"

"லிஸ்ட் இருக்கு மேடம்."

"லிஸ்ட் வேற, மேப் வேற. ஒரு ரூமுக்கு எத்தன பேர் படுக்கறாங்க? ஜன்னல் எந்தப் பக்கம்? ஆம்பளைங்க ராத்திரி ஷிப்ட் எங்க போறாங்க, எல்லாரும் ஒரே இடத்துக்கா? நோய் அந்த சந்துலதான் பரவுதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? அவங்க வேல செய்யற இடத்துலேருந்து வீட்டுக்கு வருதோ என்னவோ."

கேரல் நின்றுகொண்டே கேட்டாள். அந்தச் சந்தின் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே ஒரு கிடங்கில் மூட்டை பிரிப்பவர்கள். நான்கு வருடமாக அது அவளுக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை.

"மேடம்..."

"கிளாஸுக்கு நேரமாச்சும்மா. அஞ்சு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணிருங்க, அந்த சாஃப்ட்வேர் அஞ்சு மணிக்கு மூடிக்கும், நாங்க சொன்னாலும் திறக்காது."

போன் வைக்கப்பட்டது. நான்கு நிமிடம் பேசியிருப்பார்கள்.

கம்ப்யூட்டரைத் திறந்து ஜெயநகர் பக்கத்துக்குப் போனாள். பாஸ்வேர்டு தப்பு என்றது. மாற்றினாள். படத்தில் இருக்கும் போக்குவரத்து விளக்குகளைக் காட்டச் சொன்னது. காட்டினாள். பஸ்களைக் காட்டச் சொன்னது. "எத்தனை பஸ்ஸுடா காட்டறது!" என்று யாருமில்லாத வீட்டில் கத்தினாள். ஒருவழியாக 'உறுதி செய்' என்ற பொத்தான் வந்தபோது நாலு முப்பத்தைந்து. அழுத்தினாள்.

'உங்கள் மொபைலுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுள்ளது.'

லாயிட்டின் மொபைலுக்கு.

கேரல் தலையில் கை வைத்தாள். போன் போட்டாள். கட் பண்ணினார். மறுபடி போட்டாள். முழுவதும் அடித்து நின்றது. ஓ.டி.பி. காலாவதியாகிவிட்டது. புதிதாக அனுப்பச் சொன்னாள். மணி நாலு நாற்பத்தாறு.

மூன்றாவது தடவை எடுத்தார். ஆனால் பேசவில்லை. பின்னால் டென்சில் அண்ணன் வீட்டு மின்விசிறியின் கடகடப்பு கேட்டது.

"என்னங்க. ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்."

கேரல் திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள்.

"நான் பேசினது தப்புன்னா வீட்டுக்கு வந்து திட்டுங்க. அண்ணன்கிட்ட குரல ஒசத்தினதுக்கு நானே வந்து மன்னிப்பு கேக்கறேன். விஷயத்துக்கு இல்ல, குரலுக்கு. இப்போ நம்பர சொல்லுங்க. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

அவர் மூச்சு விடுவது கேட்டது. மெசேஜில் கல்லூரியின் பெயர் இருக்கும். அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். சொல்லாமல் விட்டால் இந்த வருடத்துக் கதை இதோடு முடிந்தது என்பது அவருக்கும் தெரியும்.

"ஜெயநகரா?" என்றார்.

"ஆமா."

"மூணு. ஒம்பது. சைபர்." நிறுத்தினார். கேரலின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. "சைபர். ரெண்டு. ஆறு."

போனை வைத்துவிட்டார்.

'உங்கள் சேர்க்கை உறுதி செய்யப்பட்டது.' நாலு ஐம்பத்தொன்று. சிரிக்கவும் வராமல் அழவும் வராமல், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள் கேரல்.

ஐந்தே முக்காலுக்கு ரக்ஷாவிடமிருந்து செய்தி வந்தது.

'ஆன்ட்டி, நாங்க பதினேழு பேர் கையெழுத்துப் போட்டு திங்கட்கிழமை யூனிவர்சிட்டிக்கு கம்ப்ளெயின்ட் குடுக்கறோம். நாங்க அந்த மாடில போட்டோ எடுத்தா மாட்டிக்குவோம். நீங்க எடுத்த கதவு போட்டோ எல்லாம் அனுப்பறீங்களா? ப்ளீஸ்.'

கேரல் படங்களைத் திறந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவதைத் தாண்டி ஒன்பதாவதைத் தொட்டபோது, தான் தாண்டியதை உணர்ந்து நிறுத்தினாள்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. லாயிட் உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவள் எதிரில் உட்கார்ந்தார். பிறகு நினைவு வந்தவர் போல் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணன் அழுதாரு" என்றார். "அப்பா அடக்கத்துல அழல அவரு. நான் உடைஞ்சிருவேன்னு. இன்னிக்கு என் முன்னாடி அழுதாரு."

கேரல் போனை மேசைமேல் வைத்தாள்.

"பேர எடுத்துருங்கன்னு நாளைக்கே அங்க சொல்லிர்றேங்கறாரு."

"சொல்றாரா? எழுதிக் குடுக்கறாரா?"

"சொல்றேன்னாரு." அவர் பார்வை மேசையில் இருந்த போனுக்குப் போனது. வரிசை வரிசையாகக் கதவுகள். மேலே ரக்ஷாவின் செய்தி. அதை மெதுவாக முழுவதும் படித்தார்.

"எத்தன கதவு?"

"பன்னெண்டு."

"எத்தன அனுப்பப்போற?"

அந்தக் குரலில் இருந்தது வேண்டுதலா, சோதனையா என்று கேரலுக்குப் பிடிபடவில்லை. லாயிட் போனைப் பிடுங்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.